பதிப்புரிமைப் புகார் வந்ததும் என்ன செய்வது? பயனர்கள் கோப்பு ஏற்றும் சிறு தளங்களுக்கு

கேள்வி: "வாசகர்கள் தாங்களே பிடிஎஃப் நூல்களும் ஒலிநூல்களும் ஏற்றிக்கொள்ளும் சிறிய தமிழ்த் தளம் நடத்துகிறோம். ஒரு பதிப்பகத்திடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. 'உங்கள் தளத்தில் எங்கள் நூல்கள் பல சட்டவிரோதமாக உள்ளன. உடனே எல்லாவற்றையும் நீக்காவிட்டால் வழக்கு தொடர்வோம்' என்கிறார்கள். எந்த நூல், எந்தப் பக்கம் என்று ஒரு தகவலும் இல்லை. எல்லாவற்றையும் தூக்கிவிடுவதா, கண்டுகொள்ளாமல் விடுவதா?"

இரண்டும் வேண்டாம். இன்றே பதில் போடுங்கள். நான்கு வரி போதும்:

"உங்கள் புகார் இன்ன தேதி, இன்ன நேரத்தில் கிடைத்தது, புகார் எண் இது. எந்த நூல்கள், எங்கள் தளத்தில் எந்த முகவரிகளில் இருக்கின்றன என்ற பட்டியலை அனுப்புங்கள். அந்த நூல்களின் உரிமை உங்களிடம் இருப்பதைக் காட்டும் ஆவணத்தின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள். கிடைத்த நேரத்திலிருந்து 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுப்போம்."

மன்னிப்பு, வாக்குவாதம், "நாங்கள் வெறும் மேடைதான்" என்ற விளக்கம் எதுவும் இதில் வேண்டாம். பின்னால் நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டப்படும் முதல் காகிதம் பெரும்பாலும் இந்தப் பதில்தான்.

பட்டியல் கேட்பதைத் தட்டிக்கழிப்பதாக நினைக்க வேண்டாம். பயனர்கள் பாடல் ஏற்றும் மைஸ்பேஸ் தளத்துக்கும் சூப்பர் கேசட்ஸ் என்ற இசை நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. இசை நிறுவனம் தன் பாடல்களின் பட்டியலை மொத்தமாகக் கொடுத்துவிட்டு "இவையெல்லாம் எங்களுடையவை" என்று சொல்வது போதாது, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறிப்பாகச் சொன்னால்தான் தளத்துக்கு "உண்மையான அறிவு" வந்ததாகக் கொள்ள முடியும் என்பது அதன் சாரம். ஆக, உங்களுக்கு வந்த மின்னஞ்சலை வைத்து மட்டும் எதையும் நீக்கும் கடமை பிறக்கவில்லை. ஆனால் முகவரிப் பட்டியல் வந்த நிமிடத்தில் நிலைமை மாறிவிடும்.

அதே தீர்ப்பில் இன்னொரு பாதியும் உண்டு. பல ஸ்டார்ட்அப்கள் அதைக் கவனிப்பதில்லை. 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில், பயனர்கள் ஏற்றுவதற்காகத் தளத்தைப் பொறுப்பாக்காமல் காக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவில் வரும் "உண்மையான அறிவு" என்பதற்கு நீதிமன்ற உத்தரவோ அரசு அறிவிக்கையோ வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு பதிப்புரிமைப் புகாருக்கும் "கோர்ட் ஆர்டர் கொண்டு வாருங்கள்" என்று பதில் எழுதுகிறார்கள். இது செல்லாது. அந்தச் சட்டத்தின் 81ஆம் பிரிவே பதிப்புரிமைச் சட்டம் தரும் உரிமைகளைத் தடுக்க மாட்டேன் என்று சொல்லிவிடுகிறது. மைஸ்பேஸ் தீர்ப்பின்படி, பதிப்புரிமை விஷயத்தில் உரிமையாளரின் குறிப்பான புகாரே போதும். அதைப் பார்த்த பிறகும் கோப்பைத் திறந்தே வைத்திருந்தால், பதிப்புரிமைச் சட்டத்தின் 51ஆம் பிரிவில் உள்ள "தெரியாது, தெரிந்துகொள்ள நியாயமான காரணமும் இல்லை" என்ற தற்காப்பு கைநழுவிப் போகும்.

சரி, முறையான புகார் என்றால் அதில் என்ன இருக்க வேண்டும்? 2013ஆம் ஆண்டு பதிப்புரிமை விதிகளில் 75ஆம் விதி ஆறு விஷயங்களைக் கேட்கிறது. படைப்பை அடையாளம் காணப் போதுமான விவரம். புகார்தாரர்தான் உரிமையாளர் அல்லது தனி உரிமம் பெற்றவர் என்பதற்கான விவரம். தளத்தில் உள்ளது மீறல் பிரதி என்பதும், அது சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கும் பயன்பாடு அல்ல என்பதும். கோப்பு இருக்கும் இடம். தெரிந்தால், ஏற்றியவர் யார் என்ற விவரம். கடைசியாக, ஏற்றியவர்மேல் தகுந்த நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு 21 நாட்களுக்குள் உத்தரவைக் கொண்டு வந்து தருவேன் என்ற உறுதிமொழி.

இந்தக் கடைசி உறுதிமொழி பத்துப் புகாரில் ஒன்றில்கூட இருக்காது. அமெரிக்கச் சட்டத்துக்காக எழுதிய மாதிரிக் கடிதத்தில் பெயரை மாற்றி அனுப்புவதுதான் இங்கே வழக்கம். அதைக் காரணம் காட்டிப் புகாரைக் குப்பையில் போடலாமா? விதிப்படி அது முழுமையற்ற புகார்தான். ஆனால் நூலும் இடமும் உரிமையும் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தால், உங்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று நீதிமன்றம் கருத இடமிருக்கிறது. அப்படிப்பட்ட புகாரில் கோப்பை முடக்கிவிட்டு, உறுதிமொழியைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். இடமோ உரிமையோ இல்லாவிட்டால் முடக்காமல் திருப்பிக் கேளுங்கள். இந்த 75ஆம் விதி "தற்காலிக அல்லது இடைநிகழ்வான சேமிப்பு" பற்றியது. உங்கள் சர்வரில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் பிடிஎஃப் அதற்குள் வருமா என்ற விவாதம் உண்டு. விவாதம் எப்படி முடிந்தாலும், அந்த விதி தரும் 36 மணி நேரத்தை அளவுகோலாக வைத்துக்கொண்ட தளம் கெட்டுப்போகாது.

36 மணி நேரம் என்பது வேலை நேரம் அல்ல, கடிகார நேரம். சனிக்கிழமை காலை 10 மணிக்கு வந்த புகாரின் கெடு ஞாயிறு இரவு 10 மணிக்கு முடிகிறது. சிறு தளங்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். புகார் முகவரி ஒரே ஒருவரின் மின்னஞ்சலுக்குப் போகும், அவர் விடுப்பில் இருப்பார். அல்லது நூறு இணைப்புகள் கொண்ட மின்னஞ்சலை ஸ்பேம் வடிகட்டி விழுங்கிவிடும். புகாருக்கென்று தனி முகவரி வையுங்கள், அதை இரண்டு பேருக்காவது போகச் செய்யுங்கள், ஸ்பேம் வடிகட்டியிலிருந்து அதற்கு விலக்குக் கொடுங்கள். கிடைத்த நேரத்தோடு புகார் எண் தானாகப் போகட்டும். 2021ஆம் ஆண்டு இடைத்தரகர் விதிகளின்படி (பிறர் ஏற்றுவதைத் தாங்கும் உங்களைப் போன்ற தளங்கள்தான் இடைத்தரகர்) குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும், புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த விதிகளில் வரும் மற்றக் கெடுக்கள் திருத்தத்துக்குத் திருத்தம் மாறுபவை. ஆண்டுக்கு இரண்டு முறையாவது இன்றைய வடிவத்தை எடுத்துப் பாருங்கள். பதிவுத் தபாலில் வரும் வக்கீல் நோட்டீஸுக்கும் கடிகாரம் உண்டு. கையெழுத்துப் போட்டு வாங்குபவர் உறையின் மேல் தேதியும் நேரமும் எழுதி, படம் எடுத்து, அதே புகார்ப் பெட்டிக்கு அனுப்பப் பழக்குங்கள்.

பட்டியல் வந்த பிறகு ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டும். தமிழ் நூல்களில் உண்மையான சிக்கல் உரிமை யாருடையது என்பதில்தான்.

எழுத்தாளரின் ஆயுள், அதற்குப் பின் 60 ஆண்டுகள்: இதுதான் இந்தியாவில் காலம். மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் கணக்கு. கல்கி 1954இல் மறைந்தார். நாட்டுடைமையை விட்டுவிட்டு வெறும் காலக்கணக்கைப் பார்த்தாலே 2015 தொடக்கத்திலிருந்து அவர் எழுத்து பொதுவுடைமை. அவருடைய நாவலைப் புதிதாக அச்சிட்ட பதிப்பகம் "எங்கள் பதிப்பு" என்று புகார் செய்தால், மூலப்பாடத்துக்கு அது எடுபடாது. பிரிட்டனில் இருப்பதுபோல் அச்சுக்கோப்புக்கென்று தனி உரிமை இந்தியச் சட்டத்தில் இல்லை. வெறும் பிழைதிருத்தமும் நிறுத்தக்குறி சேர்ப்பும் புதுப் பதிப்புரிமையைத் தராது என்பதற்கு ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இருக்கிறது. ஆனால் அந்த ஸ்கேனில் புது முன்னுரை, அடிக்குறிப்பு, சொல்லடைவு, இப்போது வாழும் ஓவியரின் அட்டைப்படம் ஆகியவை இருந்தால் அவற்றுக்கு உரிமை உண்டு. அப்போது முழுக் கோப்பையும் முடக்கிவிட்டு, அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றும்படி பயனரிடம் சொல்வதே சரி.

"நாட்டுடைமை நூல்தானே" என்ற பதில் அடிக்கடி வரும். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கின்றன, அங்கே சரிபாருங்கள். நாட்டுடைமை அந்த எழுத்தாளரின் எழுத்துக்கு மட்டும்தான். அவர் நூலைப் பற்றி இன்னொருவர் எழுதிய ஆய்வுரைக்கோ அதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்கோ அது நீளாது. மொழிபெயர்ப்பாளருக்குத் தனி ஆயுள், தனி 60 ஆண்டுகள். மூல ஆசிரியர் இறந்து நூறு ஆண்டு ஆகியிருந்தாலும், சென்ற வருடம் வந்த தமிழாக்கத்துக்குப் பாதுகாப்பு முழுமையாக உண்டு. எழுத்தாளர் மறைந்த பின் முதன்முறையாக வெளியான கடிதங்களுக்கும் நாட்குறிப்புகளுக்கும் கணக்கு வேறு: வெளியான ஆண்டிலிருந்து 60.

ஒலிநூலில் மூன்று அடுக்கு. எழுத்துக்கு ஒருவர், வாசித்தவருக்கு நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு, ஒலிப்பதிவின் தயாரிப்பாளருக்கு 60 ஆண்டு. எழுத்து பொதுவுடைமை ஆகிவிட்டதால் யாரோ காசு போட்டுப் பதிவு செய்த ஒலியையும் எடுத்துப் போடலாம் என்று பயனர்கள் நினைக்கிறார்கள். ஒலிநூல் புகார்களில் பெரும்பாலானவை நியாயமாக இருப்பது இதனால்தான்.

இனி ஆசிரியரும் பதிப்பகமும் மோதும் வழக்குகள். நூலை ஏற்றியவர் ஆசிரியரே, புகார் கொடுத்தவர் பதிப்பகம். உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்பது பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. காலம் குறிப்பிடாத ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும். 1994 திருத்தம் நடைமுறைக்கு வருமுன் எழுதிய ஒப்பந்தங்களுக்கு மட்டும் இந்த ஐந்தாண்டுக் கணக்கு இல்லை. ஒப்பந்தம் எழுதியபோது இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டில் இல்லாத ஊடகத்தைக் குறிப்பாகச் சொல்லாவிட்டால், அந்த ஊடகத்துக்கு அந்த உரிமை மாற்றம் பொருந்தாது என்று 2012 திருத்தம் சேர்த்திருக்கிறது. மின்நூல் உரிமைச் சண்டையெல்லாம் இங்கேதான் நடக்கிறது. அந்தத் திருத்தம் பழைய ஒப்பந்தங்கள்மேல் எவ்வளவு தூரம் பாயும் என்பதை வக்கீல்கள் வாதாடட்டும், நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். புகார் முழுமையாக இருந்தால் முடக்குங்கள், ஆசிரியரிடம் ஒப்பந்த நகலைக் கேளுங்கள், 21 நாள் கடிகாரத்தை ஓட விடுங்கள். ஒன்று மட்டும்: பதிப்புரிமை பதிவுச் சான்றிதழ் இல்லை என்று சொல்லி யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். பதிவு கட்டாயம் அல்ல.

முடக்குவது என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோப்பை அழித்துவிட்டால், புகார் பொய் என்று தெரிந்தபின் திரும்ப வைக்க எதுவும் இருக்காது, வழக்கு வந்தால் சான்றும் இருக்காது. 2021 விதிகளும் முடக்கிய தகவலைக் குறைந்தது 180 நாள் பாதுகாக்கச் சொல்கின்றன. பொது அணுக்கம் இல்லாத தனிச் சேமிப்புக்குக் கோப்பை நகர்த்துங்கள். அதன் எஸ்எச்ஏ-256 எண் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கோப்பின் கைரேகை போன்ற எண்), ஏற்றிய நேரம், கணக்கு எண், ஐபி முகவரி, பதிவிறக்க எண்ணிக்கை ஆகியவற்றைப் புகார் எண்ணோடு சேர்த்து வையுங்கள்.

பக்கத்தை எடுத்த பிறகும் கோப்பு ஓடிக்கொண்டே இருப்பது பொதுவான விபத்து. புகார்தாரர் மூன்றாம் நாள் ஸ்கிரீன்ஷாட்டோடு வருவார். காரணங்கள் அநேகமாக இவைதான்: சிடிஎன் கேஷில் (கோப்புகளை வேகமாகத் தர வேறு சர்வர்களில் வைக்கும் நகல் சேமிப்பில்) பழைய பிரதி இருக்கிறது, அதைத் தனியாகத் துடைக்கவில்லை. அல்லது, பதிவிறக்கத்துக்குக் காலவரையறையுள்ள ஒப்பமிட்ட இணைப்பு கொடுக்கிறீர்கள். பக்கம் போனாலும் அந்த இணைப்பு காலாவதியாகும்வரை வேலை செய்யும். அமேசான் எஸ்3 சேமிப்பில் அதை ஏழு நாள்வரை வைக்க முடியும். இணைப்பின் ஆயுளை ஒரு மணி நேரத்துக்குள் வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி பெரும்பகுதி தீரும். கோப்பின் இடத்தையே மாற்றிவிட்டால் முழுதாகத் தீரும். அட்டைப்படச் சிறுவடிவம், தேடல் முடிவில் தெரியும் உரைத்துணுக்கு, செயலியின் ஆஃப்லைன் பிரதி, வேறு பயனர் "தொகுப்பில்" சேர்த்த நகல் ஆகியவற்றையும் பாருங்கள். முடித்ததும் லாகின் செய்யாத உலாவியில், வேறு நெட்வொர்க்கிலிருந்து, புகாரில் உள்ள அதே முகவரியைத் திறந்து பார்த்துப் படம் எடுத்து வைப்பது இரண்டு நிமிட வேலை.

அந்த முகவரியில் வெறும் 404 (பக்கம் இல்லை) காட்டாதீர்கள். ஏன் முடக்கப்பட்டது என்று பார்க்க வருபவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது 75ஆம் விதி. இதற்கென்றே 451 என்ற எச்டிடிபி நிலைக்குறி (சட்டக் காரணத்தால் கிடைக்காது என்று உலாவிக்குச் சொல்லும் எண்) இருக்கிறது; "பதிப்புரிமைப் புகாரின் பேரில் இன்ன தேதிமுதல் முடக்கப்பட்டுள்ளது" என்ற வரியோடு அதை அனுப்புங்கள்.

ஏற்றியவருக்கு அன்றே தகவல் போக வேண்டும்: எந்தக் கோப்பு, யார் புகார், என்ன காரணம், மறுப்பு இருந்தால் எந்தத் தேதிக்குள் என்ன ஆவணம். புகார்தாரரின் கைபேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள். எதிர்த்திசையிலும் அப்படியே. "ஏற்றியவர் யார், விவரம் கொடுங்கள்" என்று பதிப்பகம் கேட்டால், நீதிமன்ற உத்தரவு வந்தால் தருகிறோம் என்பதே பதில்.

இந்திய விதியில் ஏற்றியவரின் எதிர்மறுப்புக்கென்று தனி நடைமுறை கிடையாது. இது பெரிய ஓட்டை. உங்கள் பயன்பாட்டு விதிகளில் நீங்களே அதை எழுதி வைக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் கோப்பைத் திரும்பத் திறக்கலாம் என்கிறது 75ஆம் விதி. திறந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஏற்றியவர் ஒப்பந்தம், அனுமதிக் கடிதம், காலம் முடிந்ததற்கான ஆதாரம் என்று ஏதாவது கொடுத்திருந்தால் 22ஆம் நாள் திறந்துவிடுங்கள். அவர் வாய் திறக்கவே இல்லை, நூலும் கடையில் விற்கும் புது நூல் என்றால், பதிப்பகம் வழக்குப் போடவில்லை என்பதற்காக மட்டும் திறப்பது வம்பை விலைக்கு வாங்குவது. திறந்த பிறகு அதே ஆள், அதே நூல், அதே இடம் பற்றி மறுபடி எழுதினால் பதில் சொல்லும் கட்டாயம் இல்லை. புது முகவரி என்றால் அது புதுப் புகார்.

52ஆம் பிரிவு அனுமதிக்கும் பயன்பாடுகளையும் நினைவில் வையுங்கள். விமர்சனத்துக்காக இரண்டு பத்தி மேற்கோள் காட்டிய கட்டுரையை முடக்கத் தேவையில்லை. பார்வையற்றோர் வாசிக்கும் வடிவில் ஒரு நூலை மாற்றித் தருவதற்கும் 2012 முதல் விலக்கு உண்டு. ஆனால் அந்தக் கோப்பு எல்லோருக்கும் திறந்து கிடந்தால் விலக்கு நிற்காது.

உங்கள் சர்வர் அமெரிக்க நிறுவனத்திடம் இருந்தால் இன்னொரு கடிகாரமும் ஓடும். அந்த நாட்டின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டப்படி புகார் நேரே ஹோஸ்டிங் நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் ஒரு கெடு வைத்து உங்களுக்கு அனுப்புவார்கள். கெடு தாண்டினால் ஒரு கோப்புக்காக முழு சர்வரையும் நிறுத்திவிடும் அபாயம் உண்டு. அந்தக் கணக்கின் மின்னஞ்சலும் புகார்ப் பெட்டிக்கு வரட்டும். அமெரிக்க வாசகர்கள் கணிசமாக இருந்தால், அங்குள்ள பதிப்புரிமை அலுவலகத்தில் புகார் பெறும் முகவரைப் பதிந்துகொள்ளுங்கள். கட்டணம் 6 டாலர், மூன்று ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க மறந்தால் பாதுகாப்பு போய்விடும். அங்கே எதிர்மறுப்புக்கு முறை இருக்கிறது: அது வந்தபின் வழக்குப் போட்டதாகப் புகார்தாரர் தெரிவிக்காவிட்டால், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் கோப்பைத் திரும்ப வைக்க வேண்டும். எதிர்மறுப்பில் கையெழுத்திடுபவர் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஒப்புக்கொள்கிறார் என்பதை மதுரையில் இருக்கும் உங்கள் பயனருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம்.

பொய்ப் புகார்களில் ஒரு வகையை அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். யாருக்கோ பிடிக்காத கட்டுரை ஒன்று உங்கள் தளத்தில் இருக்கும். அதை அப்படியே நகலெடுத்துப் புது வலைப்பதிவில் ஏற்றி, தேதியை இரண்டு ஆண்டு பழையதாக மாற்றி வைத்து, "இதுதான் மூலம்" என்று புகார் அனுப்புவார்கள். வலைப்பதிவில் தெரியும் தேதி சான்றே அல்ல, யாரும் மாற்றலாம். அந்த டொமைன் எப்போது பதியப்பட்டது, இணைய ஆவணக் காப்பகத்தில் அந்தப் பக்கத்தின் முதல் பிரதி எந்தத் தேதி, உங்கள் சர்வர் லாகில் ஏற்றிய நேரம் என்ன: மூன்றையும் பக்கத்தில் வைத்தால் அநேகமாக ஐந்து நிமிடத்தில் விடை தெரியும். அடிப்படையற்ற மிரட்டலால் பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடரப் பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அதை ஒரு வரியில் நினைவூட்டினாலே பலர் பின்வாங்குவார்கள்.

ஒரே ஆள் திரும்பத் திரும்ப ஏற்றினால்? எச்சரிக்கை, தற்காலிக நிறுத்தம், கணக்கு நீக்கம் என்று படி வையுங்கள், படிக்குக் காலாவதியும் வையுங்கள். யூடியூபில் ஒரு ஸ்ட்ரைக்கின் (எச்சரிக்கையின்) ஆயுள் 90 நாள். ஒரே புகாரில் நாற்பது முகவரி இருந்தாலும் அது ஒரு எச்சரிக்கைதான். மறுப்பு ஏற்கப்பட்டால் அதைக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். முடக்கிய கோப்பின் எஸ்எச்ஏ-256 எண்ணை வைத்து மறு ஏற்றத்தைத் தடுக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. பிடிஎஃபைத் திறந்து மறுபடி சேமித்தாலே எண் மாறிவிடும். ஒலிக்குக் குரோமாபிரின்ட் போன்ற ஒலிரேகை, உரை நூலுக்கு நடுவிலிருந்து எடுத்த சில வாக்கியங்களின் ஒப்பீடு ஆகியவை கூடுதலாகப் பிடிக்கும். பொருந்தியதைத் தானாகத் தடுக்காமல் மனிதப் பார்வைக்கு அனுப்புங்கள்; பொதுவுடைமை நூல்கள் ஒன்றோடொன்று பொருந்துவது இயல்பு.

புகாரைத் தாண்டி நீதிமன்ற உத்தரவு வந்தால், அடையாளம் தெரியாதவர்களை "அசோக் குமார்" என்று பெயரிட்டு வாங்கும் உத்தரவு உட்பட, மேலே சொன்ன சரிபார்ப்பெல்லாம் பொருந்தாது. உத்தரவில் உள்ள முகவரிகளை முடக்கிவிட்டு, பிறகு வக்கீலைப் பாருங்கள். காவல் நிலையத்திலிருந்து, தெரிந்தே பதிப்புரிமையை மீறுவதைக் குற்றமாக்கும் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவைக் குறிப்பிட்டு நோட்டீஸ் வந்தால் வக்கீல் இல்லாமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம். அந்தக் குற்றம் பிடியாணை இன்றிக் கைது செய்யக்கூடியது, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காதது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.